வடசேரியில் ஒரு நெற்றிச்சுட்டி

நாஞ்சில் நாட்டுக்குச் செல்கிற நேயர்கள் நாகர்கோவிலில் உள்ள வடசேரியைப் பார்க்காமல் திரும்பலாகாது. ஸ்வாமி விக்கிரகங்களுக்கு ஆபரணம் செய்த பரம்பரையினர் அங்கே இன்று பரதநாட்டியத்துக்கு வேண்டிய ராக்கொடி, சூரியப் பிறை, ஒட்டியாணம் முதலியவற்றையும் செய்து தருகிறார்கள். வெள்ளியில் உருவம் அமைத்து, அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கு அழுத்துவது அவர்கள் முறை.

நம் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றத்துக்காக நெற்றிச்சுட்டி வாங்கச் சென்றிருந்தோம். விலையைக் கேட்டதும், "கடைத்தெருவில் கால் பங்குக்குக் கிடைக்கிறதே!" என்று சாமர்த்தியமாகப் பேரத்தைத் தொடங்கினோம்.

பட்டறைக்காரர் கோபிக்கவில்லை. "அது அச்சில் வார்த்தது, ஐயா. கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். எங்கள் நகையில் கல் விழுந்தால் கொண்டு வாருங்கள். மறுபடி பதித்துத் தருவோம். அதில் கல் விழுந்தால் யாரிடம் போவீர்கள்?" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது சந்தோஷமே. ஆனால் அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும். பட்டறைக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?