தரையிலும் வேண்டும் கவனம்



சிறு விமானம் விழுந்தால் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகிக்கிறோம். 2014 மே மாத இறுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் செஸ்னா 150 ரகச் சிறு விமானம் விழுந்து இருவர் இறந்தனர். செல்போனால் விமானியின் கவனம் சிதறியிருக்கலாம் என்றது விசாரணை. அதற்கு முந்தைய பயணங்களில் அவர் செல்ஃபி எடுத்தது கேமராவில் பதிவாகியிருந்தது. இரவில் ஃபிளாஷ் வேறு!

பத்தாயிரம் அடிக்குக் கீழே வீண்பேச்சு கூடாது என்ற அமெரிக்காவின் 1981ஆம் ஆண்டு விதி, தரையில் ஊரும் நேரத்துக்கும் பொருந்தும். ஆனால் அது விமானச் சேவை நிறுவனங்களுக்குத்தான். சொந்த விமானம் ஓட்டுபவரைக் கட்டுப்படுத்தாது. தரையில் நிற்கும்போதும் ஆபத்து உண்டு; வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்கே தெரிவதில்லை. நண்பரை ஏற்றிக்கொள்ள, எஞ்சினை நிறுத்தாமலே கதவைத் திறப்பவர்களை என்னென்பது? ஃபிளையிங் கிளப்புகளாவது இந்தப் பழக்கத்தைத் தடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்