கூரை மாறியது, வெளியேற்றம் மாறவில்லை
டோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டரங்கத்திற்கு, 2012இல் ஸாஹா ஹதீதின் திறந்து மூடும் கூரை கொண்ட வடிவமைப்பு தேர்வானது. அதன் பிரம்மாண்டத்தைக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி முதலானோர் எதிர்த்தனர். செலவு மதிப்பீடு 25,200 கோடி யென்னை எட்டியதும், 2015 ஜூலையில் பிரதமர் ஷின்சோ அபே அத்திட்டத்தைக் கைவிட்டார். கென்கோ குமாவின் மாற்று வடிவமைப்பில் பார்வையாளர் இருக்கைகளுக்கு மேல் மட்டுமே கூரை.

ஆயினும், அருகிலிருந்த கசுமிகாவோகா பொதுக் குடியிருப்பை இடிக்கும் முடிவு கைவிடப்படவில்லை. அங்கு வாழ்ந்தோருள் பலர் முதியோர். சிலர் 1964 ஒலிம்பிக்கிற்காக ஏற்கெனவே வீடிழந்தவர்கள். செலவுக் கணக்கு வரைபடத்தை மாற்றியது. இவர்களின் முறையீடு எதையும் மாற்றவில்லை.

சென்னையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் தலித் மக்கள் அகற்றப்பட்டதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்படும் முன்பே குடியிருப்போரின் ஒப்புதலைப் பெறுவது சட்டக் கடமையாக்கப்பட வேண்டும்.