பாசி திரும்புகிறது, வாடிக்கையாளர் ஏன் திரும்பவில்லை?

மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வீட்டு வெளிப்புறம் கழுவும் தொழில் செய்யும் பலரின் வாதம் இது: சுவரும் கூரையும் கழுவுவது ஒரு தடவை வேலை, விலையைக் குறைத்துப் புதுப்புது வீடுகளைப் பிடிப்பதுதான் பிழைப்பு. முழுத் தவறு.

ஒன்று. இது ஒரு தடவை வேலையே அல்ல. குனோங் ஜெராய் அடிவாரத்து ஈரத்தில், வெயில் படாத சுவரில் பாசி மறுபடி படர்ந்தே தீரும். தேவை திரும்புகிறது. உங்களை மட்டும் ஏன் திரும்பக் கூப்பிடவில்லை?

இரண்டு. குறை விலையில் இல்லை, வேலையில் இருக்கிறது. வாட்டர் ஜெட்டை முழு அழுத்தத்தில் பாய்ச்சினால் பச்சை போகும். சாயமும் உரியும், ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி உள்கூரையில் கறை படியும். சாகாத பாசி சீக்கிரமே தலைகாட்டும். நீர்த்த குளோரின் கரைசலைத் தெளித்து, ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் செடிகளை நன்றாக நனைக்கவேண்டும். வாசல் துளசி கருகிய வீட்டில் யார் மறுபடி கேட்டைத் திறப்பார்? 300 வெள்ளி வேலையை 150க்கு ஒப்புக்கொண்டவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

மூன்று. "வாடிக்கையாளர் மறந்துவிடுகிறார்" என்கிறீர்கள். அவர் மறப்பார், நீங்கள் ஏன் மறந்தீர்கள்? வீட்டைச் சுத்தம் செய்யத் தோன்றுவது பண்டிகைக்கு முன்புதான்; சீனப் புத்தாண்டும் தீபாவளியும் நாட்காட்டியில் இருக்கின்றன. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்நகரும், அதையும் கணக்கிடலாம். எந்த வீடு, எந்தச் சுவர், என்ன கலவை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பு போன் செய்ய என்ன தடை?