சொட்டு டீசல்தானே என்று விடலாமா?

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் வண்டி எப்படி என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வண்டி சூப்பர், லேசா டீசல் மட்டும் சொட்டும்." மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைச் சொல்வது போல சாதாரணமாகச் சொல்வார்கள். கீழே ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது :-)

உண்மையில் தீர்வதில்லை. அந்த "லேசா" என்ற வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

முதலில் காசு. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. இன்ஜின் ஓடும்போது விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி. தினமும் இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் மாதம் 10 லிட்டருக்கு மேல் போய்விடும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

அடுத்தது ஆபத்து. டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்பது சரி. ஆனால் சூடேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் டீசல் பனித்துளி போலப் பீய்ச்சினால் தீப்பொறியே தேவையில்லை, சூடே போதும். தானாகப் பற்றும் வெப்பநிலை பெட்ரோலை விட டீசலுக்குக் குறைவு. இன்னொன்று, சாலையில் சிந்திய டீசல் சீக்கிரம் ஆவியாகாது. வளைவில் திரும்பும் பைக்காரருக்கு அது சோப்புத் தண்ணீர்தான். யாரோ ஒருவர் காரின் சொட்டு, வேறு யாரோ ஒருவரின் கை கால் முறிவாகிறது. இந்த இடத்தில் "என் வண்டி, என் டீசல்" என்ற பேச்சு எடுபடாது.

சரி, விஷயத்துக்கு வரலாம். டீசல் ஏன் ஒழுகுகிறது?

1998 டிசம்பரில் டாடா இண்டிகா அறிமுகமானது. அதன் 1405 சிசி டீசல் இன்ஜின் இன்றும் ஊர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் போன்ற பழைய இன்ஜின்களில் டீசல் போகும் பாதையை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, டேங்கில் இருந்து ஃபில்டர் வழியாக பம்ப் வரை வரும் பாதை. இங்கே பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வருவதை விடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். "ஏர் எடுக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இரண்டு, பம்பில் இருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்பு பைப்புகள். இங்கே அழுத்தம் நூறு மடங்குக்கு மேல். நட் லூசானால் பீய்ச்சி அடிக்கும்.

மூன்று, இன்ஜெக்டரில் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ். துணி சுற்றிய, பென்சில் தடிமன் கூட இல்லாத ரப்பர் குழாய். இன்ஜின் சூட்டிலேயே கிடந்து வெடிப்பு விடும். பல வண்டிகளில் ஒழுகுவது இதுதான். இருப்பதிலேயே விலை குறைந்த சாமானும் இதுதான்!

ஆனால் பட்டறையில் நடப்பது என்ன? கார் வந்ததும் பானெட்டைத் திறக்கிறார்கள். பம்ப் முழுக்க டீசலில் நனைந்து கிடக்கிறது. உடனே தீர்ப்பு: "பம்பை இறக்கணும்." பம்ப் சர்வீஸ், காலிபரேஷன், திரும்ப மாட்டி டைமிங் வைப்பது எல்லாம் சேர்ந்து பில் ஆயிரங்களில் வருகிறது. மாட்டி ஓட்டினால் மறுபடி அதே சொட்டு. ஏனென்றால் ஒழுகியது மேலே இருந்த ஹோஸ். டீசல் கீழே வழிந்து பம்ப் மேல் தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. நட் மேல் டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது, பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்குவது. இன்ஜெக்டர் பைப்பின் முனை கூம்பு வடிவம். உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அது அடைக்கிறது, மரை அடைப்பதில்லை. அங்கே டேப் சுற்றிப் பயனில்லை, அதன் துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி முறுக்கினால் கூம்பு நசுங்கும், மரை போகும். பத்து நிமிட வேலை ஒரு வாரத்து வேலையாகிவிடும்.

முறையான வழி ரொம்ப எளிது, பொறுமைதான் வேண்டும். இன்ஜின் ஆறியதும் நனைந்த இடத்தை எல்லாம் சுத்தமாகக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டீசல் கீழ்நோக்கித்தான் வழியும் என்பதால் முதலில் ஈரமாகும் மிக மேலான இடமே குற்றவாளி. காற்று எடுக்கிறதா என்று பார்க்க, பம்புக்கு வரும் ஹோஸுக்குப் பதில் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணிலேயே தெரியும். பீய்ச்சும் இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

இடம் தெரிந்தபின் வேலை சுலபம். ஹோஸ் என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது நல்லது, ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். காப்பர் வாஷர் என்றால் புதிது. பம்பின் ஓ-ரிங் என்றால் அப்போதுதான் பம்ப் கடைக்குப் போக வேண்டும்.

ஓ-ரிங்குக்கு ஒரு பின்கதை உண்டு. 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுவதும் கிடைப்பது கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் போகாத டீசல். காற்றுக்கு நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலில் உள்ள அரோமேட்டிக் பொருள்களும் குறையலாம். அவற்றை உறிஞ்சி ஊதிப் பழகிய பழைய நைட்ரைல் ரப்பர், அவை குறைந்ததும் சுருங்கும். 1993-ல் அமெரிக்கா குறைந்த கந்தக டீசலுக்கு மாறியபோது பழைய வண்டிகளில் இப்படிக் கசிவுப் புகார்கள் வந்தன. அதனால் மாற்றும்போது வைட்டான் ஓ-ரிங் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

தப்பு மெக்கானிக் மேல் மட்டும்தானா? இல்லை. அரை மணி நேரம் கழுவி, துடைத்து, தேடி, கடைசியில் ஒரு முழம் ஹோஸ் மாற்றியவருக்குக் கூலி கேட்டால் உரிமையாளர் என்ன சொல்கிறார்? "ஒரு ஹோஸுக்கு இவ்வளவா?" அதே ஆள் பம்பை இறக்கினால் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறார். கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு இல்லை, கழற்றி மாட்டும் வேலைக்குத்தான் காசு என்றால் எந்த மெக்கானிக் தேடுவார்? டாக்டரிடம் நோயைக் கண்டுபிடிக்க ஃபீஸ் கொடுப்பவர்கள் பட்டறையில் மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள்.

"பழைய வண்டி, விற்றால் அரை லட்சம் தேறாது, இதற்கெல்லாம் செலவு செய்யணுமா?" என்று சிலர் கேட்பார்கள். வண்டியின் விலை குறையலாம். அதில் உட்காருபவர்களின் உயிரும், பின்னால் பைக்கில் வருபவரின் உயிரும் விலை குறைவதில்லையே. அதுவும் இது செலவு குறைவான ரிப்பேர், இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால்.

எனவே பட்டறைக்குப் போகும்போது "ஒழுகலை நிறுத்துங்க" என்று சொல்வதை விட்டுவிட்டு, "எங்கே ஒழுகுதுன்னு காட்டுங்க, அதுக்கும் காசு தர்றேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். பாதி பம்புகள் இறங்காமலே பிழைத்துக்கொள்ளும்.