எனக்கென்ன குறைச்சல்?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு பிள்ளையார் கோயில். கோயிலை ஒட்டி ஒரு திண்ணை. சில மாதங்களாக ஒரு பெரியவர் பகல் 11 மணிக்கு அந்தத் திண்ணையில் வந்து உட்காருகிறாராம். மழையோ, வெயிலோ, இரவு 8 மணிக்குத்தான் எழுந்து போகிறாராம். பக்கத்துத் தெருவில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. மகன் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். "சாப்பிட்டீர்களா?" என்று யாராவது கேட்டால், "ஆச்சு, ஆச்சு. எனக்கென்ன குறைச்சல்?" என்பாராம். ஆனால் கோயிலில் சுண்டல் கொடுக்கிற நாளில் மட்டும் இரண்டு தரம் கை நீட்டுகிறாராம்.

"நான் இதில் தலையிடலாமா? பிறர் வீட்டுக் குடும்ப விவகாரம் அல்லவா?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

இதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால், நான் ஒரு தடவை அப்படித் தலையிட்டதையும், அதனால் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிக் கட்டிக்கொண்டது நான் அல்ல என்பதுதான் அதில் வேதனை.

சென்னையில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வயது 78. கணவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, காலமானவர். ஆகவே பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வீடும் பாட்டியின் பெயரில்தான். தினமும் காலையில் மாடியேறி வந்து, எங்கள் வீட்டுப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் படித்துவிட்டுத்தான் இறங்குவார். நம்முடைய தொடர்கதைகளை அச்சாகும் முன்பே கொண்டுவந்து காட்டக்கூடாதா என்று என்னை நச்சரிப்பார்.

ஒரு நாள் அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்துக் காது உடைந்துவிட்டது. நூலைக் கட்டி மாட்டிக்கொண்டு வந்தார். "பையன்கிட்டே சொல்லியிருக்கேன்" என்றார். ஒரு மாதம் போயிற்று. நூல் அழுக்கேறியது. பிறகு கண்ணாடியே காணோம். கேட்டதற்கு, "படிச்ச வரைக்கும் போதும், தம்பி. எனக்கென்ன குறைச்சல்?" என்றார். மாடிக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும், வாசலில் மகனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார். வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரில் நடக்கிற அநியாயங்களை எழுதிப் பிழைக்கிறவன், காலடியில் நடப்பது இன்னதென்று தெரிந்துகொள்ள ஐந்து மாதம் பிடித்தது!

அதுவும் நானாகத் தெரிந்துகொள்ளவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த அந்த வீட்டு மருமகள்தான் என் மனைவியிடம் சொல்லி அழுதார். பாட்டியின் ஏ.டி.எம். கார்டு மகனிடம் இருந்தது. வியாபாரத்தில் நஷ்டம், பென்ஷன் பணம் முழுவதும் வட்டிக்குப் போயிற்று. இப்போது வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி மகன் நெருக்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடுகிற வரையில் கண்ணாடி கிடையாது, செல்போனுக்கு ரீசார்ஜ் கிடையாது, முகம் கொடுத்துப் பேச்சும் கிடையாது. "கையை ஓங்கினதில்லீங்க. மூணு மாசமா அவங்க முகத்தையே பார்க்கிறதில்லே" என்றாராம் மருமகள். பாட்டியைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டதெல்லாம் இந்த மருமகள்தான். (நம் தொடர்கதைகளில் கொடுமைக்காரி எப்போதும் மருமகளாகவே இருக்கிறாள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.)

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று மாலையே வாசல் கேட்டருகில் மகனை நிறுத்தி, "அம்மாவின் கண்ணாடியைச் சரி செய்ய உங்களுக்கு நேரமில்லையா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். அவர் சிரித்தார். "நாளைக்கே வாங்கித் தர்றேன், சார்" என்றார். வீரச் செயல் புரிந்துவிட்ட திருப்தியுடன் நான் மாடியேறினேன்.

அடுத்த இரண்டு மாதம் பாட்டியைப் பார்க்க முடியவில்லை. பின்னறை ஜன்னல் சாத்தியே கிடந்தது. மகன் வெளியூர் போயிருந்த ஒரு நாள், கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி மாடியேறி வந்தார் பாட்டி. இளைத்திருந்தார். என்னைக் கோபிக்கவில்லை. "நீ கேட்டதிலே தப்பில்லே, தம்பி. கேட்டுட்டு நீ மாடியேறிப் போயிட்டே. நான் அந்த வீட்டுக்குள்ளேதானே போகணும்?" என்றார்.

ஈரோட்டுச் சகோதரிக்கு என் பதில் இந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்குகிறது. தலையிடத்தான் வேண்டும், ஆனால் நாம் போன பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டுத் தலையிட வேண்டும்.

குழந்தைகளை வீட்டார் அடித்து வதைப்பதை வைத்தியர்கள் ஒரு தனி விஷயமாகக் கவனிக்கத் தொடங்கியது 1962-ல், அமெரிக்காவில். முதியவர்கள் விஷயத்தில் உலகத்துக்குக் கண் திறக்க இன்னும் 13 வருஷம் ஆயிற்று. 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற வைத்தியப் பத்திரிகைக்கு பர்ஸ்டன் என்ற டாக்டர் எழுதிய ஒரு சிறு கடிதம், பாட்டிமார் வீட்டில் அடிபடுவதைப் பகிரங்கமாகச் சொல்லிற்று. இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனம், 60 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவர், ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு விதத்தில் கொடுமைக்கு ஆளாகிறார் என்று கணக்குச் சொல்கிறது. அடி உதை அதில் ஒரு வகைதான். ஏச்சு, மிரட்டல், பேசாமல் ஒதுக்குதல், பணத்தைப் பிடுங்குதல், மருந்தும் சோறும் வேளைக்குக் கொடுக்காமலிருத்தல் எல்லாமே கொடுமைதான்.

ஆனால் கணக்கில் வருவது கொஞ்சம், வராதது அதிகம். காரணம், கொடுமையை முதலில் மறைக்கிறவர் அதற்கு ஆளானவரே. வெளியில் சொன்னால் யாருக்குத் தலைகுனிவு? பெற்றவளுக்குத்தானே! உள்ளதும் போய் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவானோ என்கிற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, அவன் தன் பிள்ளை. ஆகவேதான் 'எனக்கென்ன குறைச்சல்' என்ற வார்த்தையை யாரும் கேட்காதபோதே ஒருவர் சொன்னால், நான் இப்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

எதைக் கவனிப்பது? உடைந்த கண்ணாடி, கழற்றி வைத்த பல் செட், பாட்டரி போடாத காது மிஷின் - இவை சிறிய சாமான்கள். ஆனால் இவை இல்லாவிட்டால் மனிதர் உலகத்தோடு உள்ள தொடர்பை இழந்துவிடுகிறார். பதில் சொல்லுமுன் வேறொருவர் முகத்தைப் பார்க்கிறாரா? வந்தவரோடு தனியே பேச விடாமல் ஒருவர் கூடவே நிற்கிறாரா? வேஷ்டியும் புடவையும் இடுப்பில் தொளதொளக்கும்படி இளைத்திருக்கிறாரா? பகல் முழுவதும் தூங்கி வழிகிறாரா? தொந்தரவு இல்லாமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரையை வேண்டிய அளவுக்கு மேல் கொடுக்கிற வீடுகளும் உண்டு.

காயங்களைப் பற்றி அவசரப்படக் கூடாது. வயதானவர்களின் தோல் மெல்லியது; ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்துக்கொண்டாலே முன்கையிலும் புறங்கையிலும் ரத்தம் கட்டும். கழுத்து, காது, முதுகு, இரண்டு மேற்கைகளிலும் பிடித்து அழுத்தினாற்போன்ற அடையாளம் - இவைதான் சந்தேகப்பட வேண்டியவை. ஒரே காயத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னால் இன்னும் சந்தேகம். இன்னொன்று: ஞாபக மறதி நோய் வந்தவர்கள் 'என் நகையைத் திருடிவிட்டார்கள்' என்று ஒன்றுமில்லாததற்கும் சொல்வதுண்டு. அதற்காக அவர்கள் பேச்சைத் தள்ளிவிடக் கூடாது. தன் கஷ்டத்தை ஒழுங்காக எடுத்துச் சொல்ல முடியாதவரை வதைப்பது மிகவும் சுலபம்.

கிழவரைப் பார்த்துக்கொள்ள முடியாத பாரத்தினால்தான் பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்து நாம் இரக்கப்படுகிறோம். சில வீடுகளில் அது உண்மைதான். அங்கே பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கச் செய்தாலே பாதிக் கோபம் அடங்கும். ஆனால் 1988-ல் பாஸ்டன் நகரத்து முதியவர்களைப் பற்றி கார்ல் பில்லிமர், டேவிட் ஃபின்கெல்ஹார் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியும், பில்லிமரின் வேறு ஆராய்ச்சிகளும் இந்த நினைப்பை அசைத்துவிட்டன. அடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அடித்தது சொந்தக் கணவன் அல்லது மனைவி. பல வீடுகளில் கொடுமை செய்தவர்தான் பணத்துக்கும் இருப்பிடத்துக்கும் அந்த முதியவரை நம்பிப் பிழைத்தவர். கீழ் வீட்டுக் கதையும் அதுதானே? பாட்டி மகனுக்குப் பாரமாக இருக்கவில்லை. மகன்தான் பாட்டியின் பென்ஷனில் உட்கார்ந்திருந்தார்.

இனி, அந்தக் கையெழுத்து விஷயம். செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டால், பிறகு மனம் மாறி நாமாக அதை ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியல்ல; உயிரோடு இருக்கும் வரையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வீதிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்துக்கு முதியவர்கள் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் அதே கோர்ட் சொல்லியிருக்கிறது. கோர்ட்டின் தாராளத்தை நம்புவானேன்? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், 'என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருப்பேன். எனக்குச் சாப்பாடும் வைத்தியமும் தர வேண்டும். தவறினால் பத்திரம் செல்லாது' என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மனுக் கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் - வண்டி லைசென்ஸ் கொடுக்கிற ஆர்.டி.ஓ. அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். மாதம் 10,000 ரூபாய் வரையில் பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முதியவரால் முடியாவிட்டால், அவர் அனுமதி கொடுத்த வேறொருவர் மனுச் செய்யலாம். காக்க வேண்டியவரே முதியவரை எங்காவது கொண்டுபோய்க் கைவிட்டால் மூன்று மாதம் வரையில் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்ன செய்வதென்று புரியாதவர்கள் 14567 என்ற எண்ணுக்குக் காலை 8 மணி முதல் இரவு 8 மணிக்குள் போன் செய்யலாம், செலவில்லை. அடி விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் 112. அங்கே யோசனை செய்துகொண்டு நிற்கக்கூடாது.

ஆனால் கீழ் வீட்டுப் பாட்டி மனுக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. "பெத்த பிள்ளை மேலே காகிதம் எழுத மாட்டேன்" என்றார். புத்தி தெளிவாக உள்ளவர் அப்படிச் சொன்னால், அவரை மீறி நாம் போகக் கூடாது. என் மனைவி வேறு வழி கண்டுபிடித்தாள். வெயில் காலம், "வடகம் பிழியக் கூடமாட ஒத்தாசைக்குப் பாட்டியை அனுப்புங்கள்" என்று மகனிடமே போய்க் கேட்டாள். அவர் எப்படி மறுப்பார்? இரண்டு படி அரிசி வடகமாயிற்று. அதற்குள் பாட்டியின் கண்ணாடியும் கடைக்குப் போய்த் திரும்பியது. புதன்கிழமைதோறும் எங்கள் போனில் கோயம்புத்தூரிலுள்ள மகளோடு பேசினார். நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஆறாவது வாரம் பாட்டியாகவே, "பாங்குக்குப் போகணும், கூட வர்றியா?" என்று கேட்டார். பழைய கார்டை நிறுத்திப் புதுக் கார்டு வாங்கினோம். மகள் வந்து பத்து நாள் தங்கினாள். வீட்டைப் பற்றி உயில் எழுதி வைத்தார் பாட்டி. யாருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

மகன் திருந்தினாரா என்று கேட்பீர்கள். அப்படியொன்றும் இல்லை. ஆனால் பின்னறை ஜன்னல் திறந்திருந்தது.

சகோதரிக்கு இதையெல்லாம் அப்போதே தனிக் கடிதமாக எழுதிவிட்டேன். மகனிடம் நியாயம் கேட்கப் போகவேண்டாம், பெரியவரையும் விசாரணை செய்ய வேண்டாம், தினமும் சாயங்காலம் காப்பியோடு போய்க் கால் மணி நேரம் திண்ணையில் உட்காருங்கள் என்றேன். போன வாரம் பதில் வந்திருக்கிறது. முதல் மூன்று நாள் கிரிக்கெட்டும் மழையும் பற்றித்தான் பேச்சாம். நான்காம் நாள் காப்பியைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாராம் பெரியவர். "உங்க போனிலே இந்த நம்பருக்குப் போட்டுத் தர முடியுமாம்மா? தங்கச்சி மதுரையிலே இருக்கா" என்றாராம்.