பட்டாளத்துக் காகிதம்

பட்டாளத்துக்குப் போனால் சாதி போய்விடும் என்று நம்பித்தான் கொங்குச் சேரிகளிலிருந்து நம் பையன்கள் போனார்கள். வலிப்பு வந்து திரும்பியவனுக்கு மெடிக்கல் போர்டு எழுதியது ஒரே வரி: பணியால் வந்த நோயல்ல. பென்ஷன் கிடையாது. 'குடிச்சுக் கெட்டுப்போனான்' என்கிறான் ஊர்க்காரன். நாமும் தலையாட்டுகிறோம்.

ஏனுங்க தலையாட்டணும்? சேரும்போது உடம்பைச் சோதித்து எழுதின தாளை எடுத்துப் பாருங்கள். அதில் வலிப்பு என்று இருக்கிறதா? தரம்வீர் சிங் வழக்கு இதுதான். 1985இல் சேர்ந்தார், வலிப்பால் 1994இல் வெளியேற்றப்பட்டார், 20 சதவீத ஊனம். சேரும்போது குறிப்பில்லை என்றால் நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அப்போதே கண்டுபிடித்திருக்க முடியாது என்றால் போர்டு காரணம் எழுதியாகணும். காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் முடிவுதானா? அதையும் பாருங்கள். 2023இல் விதி மாறியிருக்கிறது. வெளியே வந்த தேதி முக்கியம்.

நான் எம்.ஏ. தமிழ். டாக்டர் கிறுக்கல் எனக்கும் சிரமம்தான். அதற்காகக் கவிதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் படித்த படிப்பு எதற்கு? சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே அழுகை எடுபடாது, காகிதம்தான் பேசும். உங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து நோயோடு வந்தவர் வீட்டுக்குப் போங்கள். டிரங்குப் பெட்டியிலுள்ள கட்டைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.