மூலப்பதிவில் கை வைக்காதீர்கள்

நேற்று வரை ஓடிய காணொளி இன்று காலை ஓடவில்லை. இரவில் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஈலான் மென்பொருளைத் திறந்தால் எழுத்துப்படியின் அடுக்குகள் அப்படியே நிற்கின்றன. பேச வேண்டிய முகம் இருந்த இடத்தில் ஒரு கருப்புக் கட்டம். களப்பணி செய்யும் மொழியியல் மாணவர்களுக்கு இது புதிய காட்சியன்று. கவலைக்குரியது அடுத்த அரைமணி நேரத்தில் நடப்பது. பதற்றத்தில் சிலர் இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு மாற்றியில் மூலப்பதிவைப் போட்டு வேறு வடிவமாக்குகிறார்கள். ஓடுகிறது என்று கண்டதும், வட்டில் இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறார்கள். பழுதானது இயக்கி, அறுவைச் சிகிச்சை நடந்ததோ பதிவுக்கு.

நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான், ஒலியையும் காணொளியையும் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அதன் கோப்பு எழுத்தாலான ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. பதிவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற பாதை, ஒவ்வொரு கூற்றும் எந்த மில்லிவினாடியில் தொடங்கி எதில் முடிகிறது என்ற எண்கள், ஆய்வாளர் எழுதிய குறிப்புகள் ஆகியவையே அதிலுள்ளன. படத்தை ஓட்டிக்காட்டும் வேலையை அது பெரும்பாலும் இயங்குதளத்தின் ஊடகக் கூறுகளிடம் ஒப்படைத்துவிடுகிறது: விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் மீடியா ஃபவுண்டேஷன், மேக்கில் ஏவிஃபவுண்டேஷன். ஆகவே ஈலானில் ஓர் எழுத்தும் மாறாத நிலையிலும் ஈலான் ஊமையாகக்கூடும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. 2019 அக்டோபரில் வெளிவந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் செயலிகளை முற்றாகக் கைவிட்டது. அதோடு குவிக்டைம் 7 செயலியும், சோரென்சன், சினிபேக் முதலிய பழைய கோடெக்குகளைப் படிக்கும் திறனும் அந்த இயங்குதளத்திலிருந்து விடைபெற்றன. ஒரு காலத்தில் அவ்வடிவங்களில் சேமிக்கப்பட்ட காணொளிகளில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்த கண்தான் போயிற்று. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக 1913-க்கும் 1929-க்கும் இடையில் இசைத்தட்டுகளில் பதிவான குரல்களை இன்றும் கேட்க முடிகிறது. தட்டுக்கு ஊசி போதும். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு காணொளிக் கோப்புக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: கெட்டது பதிவா, அதைப் படிக்கும் கருவியா? விஎல்சி இயக்கி தனக்குத் தேவையான கோடெக்குகளைத் தானே சுமந்து வருவது. அதில் பதிவு ஓடுமானால் பதிவு பிழைத்தது. பிழை இயங்குதளத்தின் பக்கம். அதன்பின் ஈலானின் விருப்பத்தேர்வுகளில் வேறோர் ஊடகக் கட்டமைப்பைத் தேர்ந்து பார்க்கலாம். பழைய ஈலான் பதிப்பைப் புதியதன் பக்கத்திலேயே நிறுவிப் பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்த மடிக்கணினியாக இருந்தால் அது விண்டோஸின் ‘என்’ பதிப்புதானா என்று பார்ப்பதும் நல்லது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அளித்த தீர்ப்பின் விளைவாக வந்த அந்தப் பதிப்பில் ஊடகக் கூறுகள் சேர்க்கப்படுவதில்லை. தனியே நிறுவிய பொதியைப் பெரிய புதுப்பிப்புக்குப் பின் மீண்டும் நிறுவ வேண்டிவரலாம். சில வேளைகளில் கோடெக் குற்றவாளியே அல்ல. புறவன்வட்டின் எழுத்து ‘ஈ’-யிலிருந்து ‘எஃப்’-ஆக மாறியிருக்கும். ஈலான் பழைய பாதையிலேயே தேடிக்கொண்டிருக்கும். இணைத்த கோப்பின் பாதையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் நாற்பது மணி நேரப் பதிவை வடிவம் மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

வடிவ மாற்றத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பாட்டுக் கேட்பவருக்கு ஒன்றுமில்லை. ஒலியியலாருக்குக் காலமே தரவு. லேம் மென்பொருளால் ஒலி எம்பி3 ஆக்கப்படும்போது, ஆக்கும் நிலையிலும் பின்னர் விரிக்கும் நிலையிலும் தொடக்கத்தில் மொத்தம் 1105 மாதிரிகள் அளவுக்கு வெற்றிடம் சேர்கிறது; 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் அது ஏறக்குறைய 25 மில்லிவினாடி. சில மென்பொருள்கள் அதைக் கழித்துக் காட்டும், சில கழிக்கா. ஆகவே ஒரே கோப்பில் ஒரே வல்லின வெடிப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு இடங்களில் நிற்கலாம். அவ்வெடிப்பின் நீளமே பல நேரங்களில் 25 மில்லிவினாடியை எட்டுவதில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து இட்ட எல்லைக்கோடுகள் அனைத்தும் ஓசையின்றி ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். அட்டவணையில் எண்கள் மட்டும் அழகாகவே இருக்கும். கைப்பேசிக் காணொளிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் சட்டக வீதம் பெரும்பாலும் நிலையானதன்று. கவனமின்றி மாற்றினால் உதடும் ஒலியும் போகப்போக விலகும். ஐந்து நிமிடத்தில் தெரியாத விலகல் ஒரு மணி நேரப் பதிவின் கடைசியில்தான் வெளிப்படும்.

மாற்றியே தீரவேண்டிய கோப்புகளும் உண்டு. சோரென்சன் கோப்புகளுக்கு வேறு வழி எளிதில் அகப்படாது. அப்போதும் மாற்றப்படுவது நகலாகவே இருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் கொண்டு நிலையான சட்டக வீதத்தில் எச்.264 வடிவுக்கு மாற்றி, ஒலியைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகத் தனியே பிரித்து, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொரு கூற்றை எடுத்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கொடுத்த கட்டளையையும் குறித்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டியது மாணவரின் பொறுப்பு என்று துறைகள் ஒதுங்கிக்கொள்வதுதான் ஏற்க முடியாதது. ஒலிவாங்கி வாங்க நல்கையில் இடமுண்டு, பயணப்படிக்கு இடமுண்டு, அந்தப் பதிவைப் பத்தாண்டு கழித்தும் திறந்துகாட்டும் கணினியைப் பேணுவதற்கு எந்தத் தலைப்பிலும் இடமில்லை. ஆய்வகக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் மாணவரிடம் இராது. புதுப்பிப்பை ஒத்திவைக்கும் உரிமையும் இராது. பழுதின் சுமை மட்டும் அவருடையது. புதுப்பிப்பையே நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் சரியன்று. விண்டோஸுக்கான குவிக்டைமில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டு, ஆப்பிள் அதற்கான ஆதரவையும் நிறுத்தியபோது, அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே 2016 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பழைய மென்பொருளைக் காக்க வேண்டுமானால் இணையத்தில் இணையாத ஒரு கணினியில் காக்க வேண்டும். துறைக்கு ஒன்று போதும். அதற்கு ஒரு பொறுப்பாளரும், புதுப்பிப்புக்குப் பின் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனைக் கோப்பும் போதும்.

அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் மறைந்தார். அன்விதா அப்பியின் களப்பணியில் பதிவான அவர் குரலை இனி எவரும் மறுபடி பதிவுசெய்ய முடியாது. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் நடத்திவரும் அழிநிலை மொழிகள் திட்டம் பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்துகிறது. அங்குச் சேர்பவற்றிலும் இத்தகைய குரல்கள் இருக்கும். முனைவர்ப்பட்ட ஆய்வேட்டின் நெறிமுறை இயலில் ஒலிவாங்கியின் பெயரும் அறையின் அளவும் எழுதப்படுகின்றன. எல்லைக்கோடுகள் எந்த இயங்குதளத்தில், மென்பொருளின் எந்தப் பதிப்பில், மூலத்தின்மீதா மாற்றிய நகலின்மீதா இடப்பட்டன என்று வாய்மொழித் தேர்வில் இனிமேலாவது யாரேனும் கேட்கட்டும்.